சிறு பங்கும் பெருந்தலைமையும்

செமினியிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறவர்களில் பலர் காஜாங்கில் இரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்குவது வழக்கம். அங்கிருந்து வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் திரும்பினால் எதிர்ப்படும் சாலை ஜாலான் துன் சம்பந்தன். பூ வாங்கப் போனாலும், புடவை எடுக்கப் போனாலும், வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் வழி கேட்க முடியாது. ஆயினும், "சம்பந்தன் என்பவர் யார்? அவர் என்ன செய்தார்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஒரு பழைய அமைச்சர்" என்பதற்குமேல் பதில் வருவது அரிது. பெயர்ப் பலகையில் நிலைத்துவிட்டது, செயல் மறந்துவிட்டது.

இன்று ‘தலைமைத்துவம்’ என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. பயிலரங்குகள் நடக்கின்றன, பிற நாட்டுப் பெருமுதலாளிகளின் வெற்றிக் கதைகள் புத்தகங்களாக வந்து குவிகின்றன. அவற்றைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் சங்கம், அறவாரியம், இளைஞர் மன்றம் என நாம் நடத்தும் அமைப்புகளுக்கு வேண்டிய பாடம் வேறு வகையானது. சம்பளம் கொடுத்து ஆளை வைத்து வேலை வாங்கும் இடமல்ல இவை. கையில் கொஞ்சமே உள்ளவர்கள், அந்தக் கொஞ்சத்தையும் நம்பிக்கையோடு கொடுத்து நடக்கும் இடங்கள். அந்த நம்பிக்கையை எப்படிப் பெறுவது, பெற்றபின் எப்படிக் காப்பது? இதற்கு விடை சொல்லக்கூடிய மூவர் நம் வரலாற்றிலேயே இருக்கிறார்கள். இருவர் எழுத்தையும் ஆண்டவர்கள். ஒருவர் அரசியலில் நின்றவர். மூவரும் எளிய மக்களிடம் சிறு தொகை கேட்டுப் பெரிய காரியத்தில் இறங்கியவர்கள்.

வள்ளுவர் பொருட்பாலில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 66, 67, 68 ஆகியவை அவை. செயலில் தூய்மை வேண்டும், மனத்தில் உறுதி வேண்டும், செய்யும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வரிசை. வள்ளுவர் தூய்மையை முதலில் வைத்தார். நாம் காலவரிசை கருதி அதைக் கடைசியில் காண்போம்.

வினைத்திட்பம்: வ.உ. சிதம்பரனார்

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. தொழிலால் வழக்கறிஞர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அக்காலத்தில் ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தன. கடல் வாணிகத்தில் பெயர் பெற்ற ஓர் இனம் தன் கரையிலேயே அயலானின் கப்பலுக்குக் கூலி கொடுத்து ஏற வேண்டிய நிலை. அதை மாற்ற 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பெரும் பணக்காரர் நால்வரைப் பிடித்துக் காரியத்தை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் பங்கை 25 ரூபாயாக வகுத்ததில்தான் அவருடைய நோக்கம் வெளிப்படுகிறது. பலரும் சேர்ந்து "எங்கள் கப்பல்" என்று சொல்ல வேண்டும் என்பதே அது.

முதலில் வாடகைக் கப்பலை வைத்து நடத்தினார். எதிர்த் தரப்பின் நெருக்குதலால் அந்தக் கப்பல் கைவிட்டுப் போயிற்று. சோர்ந்து உட்காராமல், சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று கிளம்பி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தார். எதிர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்து, பயணிக்கு ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். அந்தப் போட்டியிலும் அவர் பின்வாங்கவில்லை. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் முன்னின்றார். கப்பல் முதலாளியாக இருந்துகொண்டு ஆலைத் தொழிலாளிக்காகப் பேசியவர் அவர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கைது செய்யப்பட்டார். முதலில் விதிக்கப்பட்ட தண்டனை நாற்பது ஆண்டுகள், மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். அந்த நிலையிலும் எழுத்தை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில அறிஞரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார். திருக்குறளின் அறத்துப்பாலுக்குப் பின்னாளில் உரையும் எழுதினார்.

இவ்வளவு உறுதி இருந்தும் அவருடைய கப்பல் நிறுவனம் என்ன ஆயிற்று? அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல் கலைக்கப்பட்டது. 1912-இன் இறுதியில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, நிறுவனமும் இல்லை. 1936-இல் மறையும்வரை வறுமையோடுதான் வாழ்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். விட வேண்டியதுதான். அதோடு ஒரு பாடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்நிய அரசின் அடக்குமுறையே நிறுவனம் வீழ்ந்ததற்கு முதற்காரணம். ஆனால், ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தால் முழு அமைப்பும் நின்றுவிடும் என்பது எதிரிக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு பெரிய உள்ளமாயினும், ஒரே உள்ளத்தின்மேல் கட்டிய அமைப்பு அந்த உள்ளத்தோடு சிறைபுகும். நம் சங்கங்களில் ஒருவர் நோயில் படுத்தாலே கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதில்லையா?

வினைசெயல்வகை: கோ. சாரங்கபாணி

1903-இல் திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூருக்கு வந்தவர் கோ. சாரங்கபாணி. 1935-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசு’ அவர் கையில் வளர்ந்து நாளிதழாயிற்று. மலாயாவின் தோட்டங்களிலும் அது படிக்கப்பட்டது. ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்நாளைய தோட்டப்புறக் காட்சி.

ஒரு பத்திரிகையாளர் எழுதினார், மக்கள் படித்தார்கள் என்பதோடு அவர் பணி முடிந்திருந்தால் இங்கே அவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. படித்தவனை எழுத வைத்தார். மாணவர்களுக்கென்று மணிமன்றம் ஒன்றைத் தம் இதழில் திறந்தார். அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பின்னாளில் ஆசிரியர்களாகவும், எழுத்தாளர்களாகவும், இயக்கத் தலைவர்களாகவும் ஆனார்கள். மணிமன்றம் என்ற பெயரை இன்றும் நம் நாட்டில் இளைஞர் இயக்கம் தாங்கி நிற்கிறது. 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, சாதி சமய வேறுபாடு பாராமல் தமிழரெல்லாம் ஒரே மேடையில் கூடும்படி செய்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஊர்தோறும் அதற்கென்று குழுக்கள் அமைந்தன. இயலும் இசையும் நாடகமும் போட்டிகளுமாக நடந்த அவ்விழாவில் மேடை பயம் நீங்கிய இளைஞர் எத்தனையோ பேர்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே எம்மொழிக்கு முதலிடம் என்ற விவாதமும் எழுந்தது. இந்நாட்டில் பெரும்பான்மை இந்தியர் பேசும் தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று முரசு குரல் கொடுத்தது. குரல் கொடுத்துவிட்டு அது ஓயவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியது. கேட்ட தொகை ஆளுக்கு ஒரு வெள்ளி! துறைக்கு வேண்டிய நூல்களுக்கென்று எளியவர்கள் கொடுத்த பணம் அது. 1956-இல் தொடங்கிய அத்துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்து, பந்தாய் பள்ளத்தாக்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் இன்றும் இயங்குகிறது. நம் தமிழாசிரியர்கள் பலர் அங்கே பட்டம் பெற்றவர்கள்.

ஒரு வெள்ளியின் நுட்பத்தைக் கவனியுங்கள். நூறு வெள்ளி கேட்டால் கடைக்காரர் கொடுப்பார். தொழிலாளி ஒதுங்கி நிற்பான். ஒரு வெள்ளி கேட்டால் தொழிலாளி முன்னே வருவான், கொடுத்தபின், "பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கிறதா?" என்று விசாரிக்கும் உரிமையும் அவனுக்கு வந்துவிடும். தன் பிள்ளை அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் முளைக்கும். நிதி திரட்டுவது என்பது பணம் சேர்ப்பது மட்டுமன்று, உரிமையாளர்களைச் சேர்ப்பதுமாகும் என்பதை அறிந்த செயல்வகை இது. 1974-இல் அவர் மறைந்தார். அவர் உருவாக்கிய ஆட்கள் அவருக்குப் பின்னும் நின்றார்கள்.

வினைத்தூய்மை: துன் வீ.தி. சம்பந்தன்

மூன்றாமவரின் காரியம் நம் வாசலுக்கே அருகில் நடந்தது. அதைப் புரிந்துகொள்ளத் ‘துண்டாடல்’ என்ற சொல்லை முதலில் அறிய வேண்டும்.

1950-களில், நாடு சுதந்திரத்தை நோக்கி நகர்ந்த காலத்தில், வெள்ளைக்கார நிறுவனங்கள் தங்கள் இரப்பர் தோட்டங்கள் பலவற்றை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் ஆயிரம் ஏக்கர் தோட்டத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, பலருக்குக் கைமாற்றி இலாபம் கண்டார்கள். காகிதத்தில் அது வெறும் நில வியாபாரம். தோட்டத் தொழிலாளிக்கோ அது தலையில் விழுந்த இடி. முழுத் தோட்டத்தில் லயத்து வீடு உண்டு, மருந்தகம் உண்டு, பிள்ளைக் கொட்டகை உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, கோயில் உண்டு. பத்து ஏக்கர் துண்டை வாங்கியவனுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவன் தன் குடும்பத்தை வைத்தோ குத்தகைக்கு ஆள் வைத்தோ பால் வெட்டிக்கொள்வான். எனவே வேலை போனது. வேலையோடு கட்டுண்ட வீடும் போனது. வீடு போனதும் பள்ளிக்குப் பிள்ளைகள் இல்லை, கோயிலுக்கு விளக்கேற்ற ஆளில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அப்போது ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் சம்பந்தன். 1919-இல் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், இரப்பர் தோட்ட உரிமையாளரான வீராசாமியின் மகனாகப் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தோட்டம் வாங்குவதும் விற்பதும் அவருக்குக் குடும்பத் தொழில். விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தம் பேரிலோ வேண்டியவர் பேரிலோ வாங்கிச் சேர்க்கும் வழி அவருக்குத் தெரியாததன்று. அவர் தேர்ந்த வழி வேறு. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

பங்கு ஒன்று நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அக்காலப் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. "கூலிக்காரர்கள் தோட்டம் வாங்குவதா?" என்று சிரித்தவர்கள் உண்டு. கொடுத்த பணம் திரும்புமா என்று அஞ்சியவர்களும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். வேலை முடிந்த நேரத்தில் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து, துண்டாடல் என்றால் என்ன, கூட்டுறவு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொன்னார். ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் உறுப்பினரானார்கள். 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தொடர்ந்து பல மாநிலங்களில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. வாங்கப்பட்ட தோட்டம் துண்டாகவில்லை. வேலையும் நிலைத்தது, லயமும் நிலைத்தது.

கூட்டுறவு முறையை அவர் தேர்ந்தது ஏன் என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரணக் கம்பெனியில் பங்கு அதிகம் வைத்திருப்பவனுக்கு வாக்கு அதிகம். கூட்டுறவில் ஓர் ஆளுக்கு ஒரே வாக்கு. ஒரு பங்குக்காரனுக்கும் நூறு பங்குக்காரனுக்கும் சமமான கை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தச் சிறு கடையைத்தான் தன் முன்னோடியாகக் கொண்டாடுகிறது. பங்குக்கு ஈவு, ஆண்டுதோறும் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு என அதே நெறி தோட்டத்துக்கும் வந்தது. ஏழையின் பணத்தைத் தொடுகிறவன் கணக்கு காட்டியே தீர வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கிய முறை அது. வினைத்தூய்மை என்பது ‘நான் நல்லவன், என்னை நம்புங்கள்’ என்று சொல்வதில் இல்லை. யாரும் எப்போதும் திறந்து பார்க்கும்படி புத்தகத்தை வைப்பதில் இருக்கிறது.

1979-ஆம் ஆண்டு மே மாதம் துன் சம்பந்தன் மறைந்தார். சங்கம் மறையவில்லை. டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் அதைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரில் அதன் கட்டடம் நிற்கிறது. தூத்துக்குடியில் நேர்ந்தது இங்கே நேரவில்லை. காரணம், தலைவர் போனபின்னும் விதிமுறையும் உறுப்பினரும் பொறுப்பாளரும் இருந்தார்கள்.

நம் செமினிக்கு இதிலிருந்து என்ன?

செமினி வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரமாக இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள். ரிஞ்சிங் என்றால் தோட்டம் என்றிருந்தது போய், இன்று அது ஒரு பட்டணத்தின் பெயருமாகிவிட்டது. ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரில்தான் பழைய தோட்டம் உயிரோடிருக்கிறது. தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் இன்று பல தாமான்களில் சிதறிக் கிடக்கின்றன. முன்பு பிரட்டு மணி அடித்தால் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இன்று கோயில் கூட்டத்திற்கு ஆள் சேர்க்கப் பத்துத் தொலைபேசி அழைப்பு வேண்டியிருக்கிறது. நிலத்தில் நடந்த துண்டாடல் நம் மனத்திலும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே உள்ள கவலை.

அதற்கு இம்மூவர் காட்டும் வழியை நம் அளவுக்குச் சுருக்கிக் கொள்ளலாம்.

முதலாவது, பெரிய நன்கொடையாளரைத் தேடி அலையும் முன் சிறிய பங்காளியைத் தேடுங்கள். ஒருவர் பத்தாயிரம் கொடுத்தால் கல்வெட்டில் ஒரு பெயர் கிடைக்கும். ஆயிரம் பேர் பத்துப் பத்தாகக் கொடுத்தால் அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க ஆயிரம் கைகள் கிடைக்கும்.

இரண்டாவது, கேட்பதற்கு முன் விளக்குங்கள். சம்பந்தன் முதலில் துண்டாடலை விளக்கினார். பின்புதான் பத்து வெள்ளி கேட்டார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கை வேகமாக வாசித்துவிட்டு, "சரிதானே?" என்று கைதட்டு வாங்கிப் போவது கணக்கு காட்டுவதாகாது. ஓர் ஏழைப் பாட்டி எழுந்து, "போன வருசம் உண்டியலில் எவ்வளவு, அது எங்கே போச்சு?" என்று கேட்டால், அவரை உட்காரச் சொல்லாமல் நாற்காலி போட்டுப் பதில் சொல்லும் சங்கமே நெடுங்காலம் நிற்கும்.

மூன்றாவது, உங்களுக்கு அடுத்தவரை இன்றே பழக்குங்கள். வள்ளுவரின் 52-ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். தகுந்தவரை அறிந்து, வேலையை அவரிடம் ஒப்படைக்கும் முறையை விளக்கும் அதிகாரம் அது. ஒப்படைப்பது என்றால் சாவியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் கொடுப்பதன்று. சாரங்கபாணி பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கினார்; அவர்கள் எழுதி எழுதித்தான் எழுத்தாளரானார்கள். நம் இளைஞர்களுக்கும் பந்தல் போடுவது, தண்ணீர் கொடுப்பது என்பதோடு நிறுத்தாமல் கணக்கெழுதவும், கூட்டக் குறிப்பு எடுக்கவும், அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவும் இடம் தர வேண்டும். தவறு செய்வார்கள். திருத்திக் கொடுங்கள். தவறே செய்யக் கூடாது என்றால் அவர்கள் வரவே மாட்டார்கள். வராத பிள்ளையைப் பற்றி, "இந்தக் காலத்து இளைஞருக்கு அக்கறையில்லை" என்று பேசி என்ன பயன்?

நான்காவது, தோல்வியை மறைக்காதீர்கள். வ.உ.சி.யின் கப்பல் மூழ்கவில்லை. அவர் நிறுவனம்தான் வீழ்ந்தது. ஆனாலும் பங்கு போட்டுச் சொந்தமாக நடத்த முடியும் என்ற எண்ணத்தை அவர் தமிழரிடம் விட்டுச் சென்றார். ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்து, கடல் கடந்த ஒரு நாட்டில் பால்மரம் வெட்டிய தமிழன் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரன் ஆனபோது, அதே எண்ணம்தான் வேறு மண்ணில் முளைத்தது எனலாம்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் போகும்போது, அந்தச் சாலைப் பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று, உடன் வரும் பிள்ளைக்கு இந்தப் பத்து வெள்ளிக் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியபின், நம் ஊர்ச் சங்கத்தில் உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா, சந்தா கட்டியாயிற்றா, கடைசிப் பொதுக்கூட்டத்திற்குப் போனீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நாற்காலியில் அமர்கிறவர் ஒருவர்தான். பத்து வெள்ளியோடு வந்து நிற்பவர்கள் இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கும் வேலையில்லை.